‘பலே’ சொன்ன பாவம்

அண்ணாகிராமம் என்று ஓர் ஊர் இருப்பதைப் பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களைத் தவிர அதிகம் பேர் அறிந்திருக்க மாட்டார்கள். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். இடையில் கரும்பும் முந்திரியும் பலாவும். கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எனக்கோ அது என் தாயாரைப் பெற்ற ஊர். அதைவிட முக்கியமான உறவு ஒன்றும் உண்டு. நான் கவிஞனாக இருந்த ஊர் அது.

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். அந்த நோய் எனக்கு மூன்று நான்கு வருஷங்கள்தான் இருந்தது. தாத்தா வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடுவோம். பள்ளி ஆசிரியர் ஒருவர், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர், கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர், முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்த நண்பர் ஒருவர், பிறகு நான். அந்த வாரம் எழுதியதை ஒவ்வொருவராகப் படிப்போம். ஒருவர் படிக்க நால்வர் கேட்பதாகப் பெயர். உண்மையில் அந்த நால்வரும் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்போம். படித்து முடித்ததும், “பலே!” என்போம். நாம் ‘பலே’ சொன்னால்தானே நமக்கும் ‘பலே’ கிடைக்கும்? பண்டமாற்று என்பது நெல்லுக்கும் உப்புக்கும் மட்டுமா?

பல வருஷங்களுக்குப் பிறகு, அந்தத் திண்ணையை நினைத்து வெட்கப்பட நேர்ந்தபோது, எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நம் பெரியவர்கள் இந்த விஷயத்தை எப்படிச் செய்தார்கள்? ஒரு புலவன் பாட, இன்னொரு புலவன் கேட்டு, குறை சொல்லி, அதன் பிறகும் இருவரும் ஒரே இலையில் சாப்பிடும்படி நடந்துகொண்டது எப்படி?

அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாட்டின் பெயர் அரங்கேற்றம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் சலங்கை ஒலியும் பட்டுப்புடவையும்தான் நினைவுக்கு வருகின்றன. பழைய நாளில் அது ஒரு விசாரணை. நூலைச் செய்தவன் சபை நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்; கற்றவர்கள் தடை எழுப்ப வேண்டும்; செய்தவன் விடை சொல்ல வேண்டும். விடை சொல்ல முடியாத இடத்தைத் திருத்த வேண்டும்.

நம்மிடம் இருக்கும் நூல்களில் மிகப் பழையதான தொல்காப்பியமே இப்படித்தான் உலகத்துக்கு வந்தது என்று அதன் பாயிரம் சொல்லுகிறது. பாண்டியன் அவையில் அதைக் கேட்டவர் அதங்கோட்டாசான். இதைச் சுற்றி உரையாசிரியர்கள் ஒரு கதை சொல்லுவதுண்டு. தொல்காப்பியர்மேல் கோபம் கொண்டிருந்த அகத்தியர், “அவன் நூலைக் கேளாதே” என்று அதங்கோட்டாசானுக்குக் கட்டளையிட்டாராம். அவர் பாடு தர்மசங்கடமாகிவிட்டது. ஆசிரியர் சொல்லையும் தட்ட முடியாது; உடன் படித்தவனையும் விரட்ட முடியாது. கடைசியில் ஒரு வழி கண்டார். கேட்பது, ஆனால் கேட்ட இடத்திலெல்லாம் குற்றம் சொல்லுவது! தொல்காப்பியர் எல்லாவற்றுக்கும் விடை சொல்லி முடித்தாராம். கதை எப்படியோ போகட்டும். கேட்கக் கூடாது என்று நினைத்தவரும் சபையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார் என்பதைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன்.

அந்த நூலுக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனாரும் தொல்காப்பியரோடு ஒரு சாலையில் படித்தவர் என்பார்கள். இதில் ஒரு முறை இருக்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுத யாருக்குத் தகுதி உண்டு என்று பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் தம்முடைய நன்னூலில் கணக்குச் சொல்லுகிறார். நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு கூடப் படித்தவன், அவனுடைய மாணவன், அந்த நூலுக்கு உரை செய்தவன் ஆகிய நால்வருக்கும்தான். ஊரில் செல்வாக்குள்ளவர், கைம்மாற்றாகப் பணம் கொடுத்தவர், பத்திரிகையில் பெயர் வந்தவர் ஆகியோருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நூலை நன்றாக அறிந்தவன்தான் புகழலாம் என்பது கருத்து. அதே நன்னூல்தான் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் எண்ணிச் சொல்லுகிறது. வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்லுவது, கூட்டிச் சொல்லுவது, சொன்னதையே திரும்பச் சொல்லுவது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லுவது என்று அது போகிறது. எங்கள் திண்ணைக் கவிதைகளில் இந்தப் பத்தும் ஒரே பாட்டில் இடம் பெற்ற நாட்கள் உண்டு.

இரண்டு கவிஞர்கள் ஒருவர் காவியத்தை ஒருவர் கேட்ட அழகான காட்சியும் நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தை இளங்கோவடிகள் சொல்லச் சாத்தனார் கேட்டார் என்று அதன் பதிகம் கூறுகிறது. மணிமேகலையைச் சாத்தனார் சொல்ல இளங்கோவடிகள் கேட்டார் என்று அந்நூலின் பதிகம் கூறுகிறது. துறவியான சேர இளவல் ஒருவர். கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி, மற்றொருவர். பிறப்பும் தொழிலும் எங்கெங்கோ இருக்க, காதுகள் மட்டும் ஒன்றை ஒன்று நம்பின.

இந்தச் சாத்தனாருக்குச் சீத்தலைச் சாத்தனார் என்று பெயர். சீத்தலை என்பது ஊர்ப் பெயர் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் கர்ணபரம்பரைக் கதை வேறு. யாராவது பிழையான பாட்டைப் படித்தால், படித்தவனைக் கடிந்துகொள்ள மனம் வராமல், கையிலிருந்த எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வாராம். தலை புண்ணாகிச் சீழ் பிடித்ததால் அந்தப் பெயராம். சிறுவயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பிறர் பாட்டிலுள்ள பிழை தமக்கு வலித்தது என்றாவது அந்த மனிதர் காட்டிக்கொண்டார். நாங்கள் தலையையும் குத்திக்கொள்ளவில்லை, வாயையும் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கே வருகிறேன். தென்பெண்ணையை ஒட்டி மேற்கே போனால் திருவெண்ணெய்நல்லூர். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். சோழன் அவையில் கம்பர் சேதுபந்தனத்தைப் பற்றிய ஒரு பாடலைச் சொன்னபோது அதில் ‘துமி’ என்ற சொல் வந்ததாம். துளி தெரியும், அது என்ன துமி என்று தடை எழுப்பினார் ஒட்டக்கூத்தர். வழக்கிலுள்ள சொல்தான் என்றார் கம்பர். எங்கே வழக்கு, காட்டும் என்றார்கள். எல்லாரும் இடையர் தெருவுக்குப் போனார்கள். மோர் கடைந்துகொண்டிருந்த பெண் ஒருத்தி, பக்கத்தில் நின்ற குழந்தைகளைப் பார்த்து, “துமி தெறிக்கும், எட்டிப் போங்கள்” என்றாளாம். அவள் சரஸ்வதி என்று முடிக்கிறது கதை. சரஸ்வதியோ இடைச்சியோ, ஒரு சொல்லுக்காக ஒரு சபையே எழுந்து தெருவில் நடந்தது என்று நம் மக்கள் கற்பனை செய்தார்களே, அதற்கு அவர்களைக் கும்பிட வேண்டும். கூத்தர் கேளாமல் இருந்திருந்தால் அந்தச் சொல் இத்தனை பேருக்குத் தெரிந்தே இராது.

ஸ்ரீரங்கத்தில் இராமாயணத்தை அரங்கேற்றப் போன கம்பரிடம், தில்லை மூவாயிரவரின் சம்மதத்தை வாங்கி வரச் சொன்னார்கள் என்று இன்னொரு கதை. அந்தச் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில்தான், பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழனின் அமைச்சராயிருந்த சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றினார். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் முடிந்ததாம். ஒரு வருஷம்! இன்று புத்தக வெளியீட்டு விழாவில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பேர் பேசி, சிற்றுண்டியும் முடிந்துவிடுகிறது. புத்தகத்தைப் படித்தவர் அந்த ஆறு பேரில் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

பின்னாளில் அச்சு யந்திரம் வந்தது. நல்லது நிறைய நடந்தது. ஆனால் பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்த்து உட்கார வேண்டிய அவசியம் போய்விட்டது. அதனால் என்ன நேரிடும் என்பதற்கும் எங்கள் ஜில்லாவே சாட்சி. 1867-ஆம் ஆண்டில் வள்ளலார் இராமலிங்க அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சாயின. அன்பர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்திய பிறகே அவர் அதற்கு இசைந்தார். தேவாரம் திருவாசகம் போன்றவற்றுக்கு உரிய பெருமையைப் புதிய பாடல்களுக்குக் கொடுக்கலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் ஆட்சேபித்தார். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் தமிழுக்கு ஒரு நல்ல விவாதம் கிடைத்திருக்கும். மாறாகக் கண்டனப் பிரசுரங்கள் பறந்தன. சிதம்பரம் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் வழக்குத் தொடுத்தார். 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு விஷயம் போயிற்று. ஒரு பாட்டு அருட்பாவா அல்லவா என்று எழுந்த கேள்வி, யார் யாரை வைதார்கள் என்ற கேள்வியாகச் சுருங்கிப்போயிற்று.

கோர்ட்டுக்குள் வள்ளலார் நுழைந்தபோது எல்லாரோடும் நாவலரும் எழுந்து நின்றார் என்று சொல்லுவதுண்டு. அது நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இருவருமே பெரியவர்கள். இருவரும் போன பிறகும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, அவர்கள் பக்கத்துக்காரர்கள் அந்தச் சண்டையை விடவில்லை.

ஆக, குறை சொல்லுவதிலும் கெட்டுப்போகலாம் என்பது தெரிகிறது. ஆனால் எங்கள் திண்ணை கெட்டது புகழினால். அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

முந்திரி வியாபாரம் செய்தார் என்றேனே, அந்த நண்பர் எங்கள் ஐவரில் நல்ல மனிதர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எங்கள் ‘பலே’க்களை அவர் ஒருவர்தாம் முழுக்க நம்பியவர். 2008-ஆம் வருஷத்தில் ஒரு காணி முந்திரித் தோப்பை அடகு வைத்து, தம் கவிதைகளை ஐந்நூறு பிரதி அச்சிட்டார். அப்போது என் கதைகள் இரண்டு மூன்று பத்திரிகைகளில் வந்திருந்தன. அணிந்துரை எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். கூடப் படித்தவன் என்ற வகையில் நன்னூல்படி எனக்குத் தகுதி இருந்தது. ஆனால் அந்தக் கவிதைகளில் நாலைந்துதான் தேறும் என்று எனக்குத் தெரியும். மூன்று பக்கம் புகழ்ந்தேன்.

ஐம்பது பிரதிகூட விற்கவில்லை. மற்றவை அவர் வீட்டுப் பரணில் ஏறின. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை அறியாதவர்கள் இல்லை. நாலாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். ஓடு பறந்துபோன கூரையின் கீழ், நனைந்து உப்பிய புத்தகக் கட்டுகளை அவர் வாசலில் வெயிலுக்குப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை.

“புயலை என்ன செய்ய முடியும், அண்ணே?” என்றேன்.

“புயலைப் பத்தி ஒண்ணும் இல்ல, தம்பி. மரம் மறுபடி வைக்கலாம்.” கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். “இதை இப்போ நானே படிச்சுப் பார்த்தேன். பாதிக்கு மேல சரியில்ல. உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

என்னிடம் பதில் இல்லை. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

திண்ணை இப்போதும் இருக்கிறது. பழைய ஐவரில் மூவர் மிச்சம். புதிதாக இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். முந்திரி நண்பரும் வருகிறார். அவர்தான் இப்போது எங்கள் ஒட்டக்கூத்தர். போன மாதம் ஒரு கல்லூரி மாணவன் பலாத் தோப்பைப் பற்றிப் பாட்டு எழுதி வந்தான். அதில் ‘மூசு’ என்று ஒரு சொல். நண்பர் நிறுத்தினார்.

“பிஞ்சுன்னு போட்டா எல்லாருக்கும் புரியுமே, தம்பி?”

பையன் முகம் வாடியது. பிறகு மெதுவாக, “எங்க ஆயா பலாப் பிஞ்சை மூசுன்னுதாங்க சொல்லும்” என்றான்.

“அப்படியா? அப்போ இருக்கட்டும்” என்றார் நண்பர். “ஆனா மூணாவது அடியில சொன்னதையே அஞ்சாவது அடியிலயும் சொல்லியிருக்கே. ஒண்ணை எடுத்துடு.”

பையன் தாளைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஐந்தாவது அடியை அடித்தான். நான் வழக்கம்போல் ‘பலே’ சொல்ல வாயெடுத்தேன். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசாமல் இருந்துவிட்டேன்.