பளிங்கிலிருந்து கட்டைவிரலுக்கு

பாங்காக்கின் வாட் போ கோயிலுக்குப் போகிறவர்கள் 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் மண்டபச் சுவர்களில் பளிங்குப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பலகையில் ஒரு மனித உருவம். சிலவற்றில் முன்புறம், சிலவற்றில் முதுகுப்புறம். உடலெங்கும் கோடுகள் ஓடுகின்றன, கோடுகளின் மேல் புள்ளிகள். புள்ளிக்குப் பக்கத்தில், அங்கே அழுத்தினால் எந்த நோவு தணியும் என்ற குறிப்பு. இப்படி 60 படங்கள். இன்று உலகம் முழுவதும் தாய் மசாஜ் கற்பிக்கும் கூடங்களின் சுவர்களில் தொங்கும் படங்களுக்கு இவைதான் மூலம்.

கல்லில் ஏறும் முன்பே இந்தப் பாடத்துக்கு நீண்ட வயது. 1680களின் இறுதியில் பிரெஞ்சு மன்னனின் தூதராக அன்றைய தலைநகர் அயுத்தயாவுக்கு வந்த லா லூபேர், நோயுற்றவரின் உடலைப் பிசைவதையும் மேலே ஏறி மிதிப்பதையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தபோது சுவடிகளும் சேர்ந்து எரிந்தன. தப்பியது ஊர் வைத்தியர்களின் கையிலும் நினைவிலும் இருந்தது மட்டும். அவர்களோ தெரிந்ததை மகனுக்கோ, நெடுநாள் கூடவே இருந்த சீடனுக்கோ மட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள்.

மன்னர் மூன்றாம் ராமா 1832இல் வாட் போவைப் புதுப்பிக்கத் தொடங்கினார். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வேலை அது. அரசராகும் முன்பே தோன்புரிப் பக்கம் வாட் ராஜ ஓரோட் கோயிலில் மருந்து முறைகளைக் கல்லில் வெட்டுவித்த அனுபவம் அவருக்கு இருந்தது. இம்முறை மருத்துவம், இலக்கியம், வரலாறு, சமயம் என்று நாட்டின் கல்வி முழுவதையும் சுவரில் ஏற்றச் சொன்னார். 1,400க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உருவாயின. வைத்தியர்கள் தங்கள் முறைகளைக் கொண்டுவந்து, இவை பயன் தந்தவை, எதையும் மறைக்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. குடும்பச் சொத்தாக இருந்த அறிவை, கோயிலுக்கு வரும் யாரும் பார்க்கும்படி வெயில் வெளிச்சத்தில் வைத்த அந்தக் கட்டளையை, ஆசியக் கல்வி வரலாற்றின் பெரும் செயல்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

பலகையில் உள்ள கோடுகளை ‘சென்’ என்கிறார்கள். முக்கியமானவை பத்து. எல்லாம் தொப்புளைச் சுற்றிய இடத்தில் பிறக்கின்றன. முதல் மூன்றின் பெயர்களை, சித்தர் பாடல்களை ஓரளவு கேட்ட தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை: இதா, பிங்கலா, சுமனா. இதா இடக்காலில் இறங்கி, முதுகில் ஏறி, தலையைச் சுற்றி இட மூக்கில் முடிகிறது. பிங்கலா அதே வழியில் வலப்புறம். சுமனா நேரே மேலேறி நாக்கின் அடியில் நிற்கிறது. உடலை அறுத்துப் பார்த்தால் இந்தக் கோடுகள் கிடைக்கமாட்டா. நரம்போ இரத்தக்குழாயோ இந்த வழியில் ஓடவில்லை. ஆனாலும் கற்பவருக்கு இவை ஒரு வழித்தடம். எங்கே தொடங்குவது, எதை அடுத்து எது, எங்கே முடிப்பது என்பதைக் கை மறக்காமல் இவை பார்த்துக்கொள்கின்றன.

படங்களுக்குத் துணையாக 1836இல் துத்தநாகமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் 80 ரிஷிகளின் சிலைகள் வார்க்கப்பட்டன. கையை முறுக்குபவர், காலை மடக்கித் தோளை நீட்டுபவர் என்று ஒவ்வொருவரும் தன் உடம்பின் பிடிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள். இன்று கோயிலில் எஞ்சியிருப்பவை இருபத்து சொச்சம்.

இவ்வளவு செய்தும் கல்லால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. படம் இடத்தைக் காட்டும். எவ்வளவு பாரம், எத்தனை மூச்சு நேரம், எப்போது விடுவது என்பதைக் காட்டாது. தொடையிடுக்கில் ‘காற்றின் வாசலைத் திறப்பது’ என்றொரு முறை இருக்கிறது. உள்ளங்கையால் அங்கே ஓடும் பெரிய இரத்தக்குழாயைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு, மெதுவாகக் கையை எடுப்பார்கள். வெதுவெதுப்பு பாதம் வரை இறங்கும். இதய நோயாளிக்கும், இரத்த அழுத்தம் மிகுந்தவருக்கும், கர்ப்பிணிக்கும், காலில் நரம்பு சுருட்டியவருக்கும் இதைச் செய்யக் கூடாது. படத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது இடுப்பருகே ஓர் இடம், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தொடலாமா என்று படுத்திருப்பவரிடம் முதலில் கேட்கப் பழக்குவது ஆசிரியர்.

1906இல், ஐந்தாம் ராமா காலத்தில், அரண்மனை வைத்தியர்கள் மசாஜ் பாடங்களைச் சரிபார்த்துப் படியெடுத்தார்கள். பாடம் கல்லிலிருந்து தாளுக்கு வந்தது. ஆனால் காலம் அதற்கு எதிராக இருந்தது. 1888இல் தொடங்கிய சிரிராஜ் மருத்துவமனையைத் தொடர்ந்து மேலை மருத்துவம் வேரூன்றியது. 1936இன் சட்டம் நவீன வைத்தியம் வேறு, பழைய வைத்தியம் வேறு என்று பிரித்து நிறுத்தியது. பழையதைப் பயிற்றுவிக்கப் பள்ளி என்று ஒன்று தேவைப்பட்டது. 1955இல் வாட் போ வளாகத்திலேயே பாரம்பரிய மருத்துவப் பள்ளி பிறந்தது. சில ஆண்டுகளில் மசாஜ் வகுப்பும் சேர்ந்தது.

வகுப்பு வணக்கத்தோடு தொடங்கும். வணங்கப்படுபவர் ஜீவகர், புத்தருக்கு வைத்தியம் பார்த்த ராஜகிருகத்து மருத்துவர். தட்சசீலத்தில் ஏழாண்டு படித்த அவரை, சுற்றி ஒரு யோசனை தூரத்தில் மருந்தாகாத செடி ஒன்றைக் கொண்டுவா என்று ஆசிரியர் அனுப்பினார். எதுவும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியதால் தேறினார் என்பது பௌத்த விநய நூலின் கதை. அவர் பிடித்துவிட்டதாக அந்நூலில் இல்லை. ஆனால் தாய்லாந்துக்காரர்கள் தங்கள் குருவாக அவரையே வரித்துக்கொண்டார்கள்.

பிறகு பாயில் இருவர் இருவராக அமர்கிறார்கள். ஒருவர் படுக்க, மற்றவர் அழுத்த வேண்டும். பின் மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்காத கைக்குக் கொடுக்கத் தெரியாது என்பதால் படுத்திருக்கும் நேரமும் பாடம்தான். புதியவர் செய்யும் முதல் தவறு விரல் பலத்தால் அழுத்துவது. கட்டைவிரலின் கணு வளையும், மாலைக்குள் வீங்கும். ஆசிரியர் முழங்கையைத் தட்டி நிமிர்த்துவார்: கை நேராக, விரல் நேராக, பாரம் இடுப்பிலிருந்து வரட்டும். உடலைச் சாய்த்தால் அழுத்தம் கூடும், பின்வாங்கினால் குறையும். நாள் முழுக்கப் பலருக்குப் பிடித்துவிட்டுப் பல வருடம் பிழைக்க வேண்டிய தொழில் இது. தன் மூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் சீக்கிரமே விலக நேரும். எனவே பிறர் வலியைப் போக்கும் கல்வியில் பாதி, தன் உடம்பைப் பேணும் கல்வி.

அரண்மனை மரபு இன்னும் கண்டிப்பானது. நோயாளியிடமிருந்து நான்கு முழம் தள்ளியே மண்டியிட்டு, முழங்காலால் நகர்ந்து வர வேண்டும். முதலில் நாடி பார்க்க வேண்டும். மூச்சு அவர்மேல் படாமல் முகத்தை நேராக வைக்க வேண்டும். முழங்கை, பாதம் எதுவும் படக் கூடாது, கை மட்டும். படுத்திருப்பது அரச குடும்பத்தார் அல்லவா! இந்த மரபை மருத்துவப் பேராசிரியர் ஊவாய் கேதுசிங் 1982இல் தொடங்கிய ஆயுர்வேதப் பள்ளி பொதுமக்களிடம் கொண்டுவந்தது.

இடையில் இந்தத் தொழில் பெரும் அவமானத்தைச் சுமந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் ஓய்வுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களை நம்பிப் பாங்காக்கில் முளைத்த விடுதிகள் மசாஜ் என்ற பெயரைத் தங்கள் வாசலில் மாட்டிக்கொண்டன. முறையாகக் கற்ற பெண்களும் அந்தப் பார்வையைச் சகிக்க நேர்ந்தது. எத்தனை மணிநேரம், யாரிடம் படித்தாய் என்று கேட்டுத் தரும் சான்றிதழை வெறும் காகிதமாக என்னால் நினைக்க முடியாததற்கு இதுவே காரணம். 1985இல் தன்னார்வ அமைப்புகள் தொடங்கிய தாய் மசாஜ் மறுமலர்ச்சித் திட்டத்துக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது: வயலிலும் ஆலையிலும் உழைப்பவர்கள் அள்ளி விழுங்கிய வலி மாத்திரைகளைக் குறைப்பது.

இன்று வாட் போவில் வெளிநாட்டவர் சேரும் அடிப்படை வகுப்பு ஐந்து நாள், 30 மணிநேரம். உள்ளூரில் நிலையங்களில் வேலை பார்க்க 150 மணிநேரப் பயிற்சி வேண்டும். நோய்க்குச் சிகிச்சையாகச் செய்யப் புகுபவர் 800 மணிநேரம் படிக்கிறார். 30 மணிநேரத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பிப் பலகை மாட்டுபவர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அவ்வளவு நேரத்தில் வரிசை மனப்பாடமாகும், விரலுக்குக் கண் திறக்காது. 2011இல் யுனெஸ்கோ வாட் போ கல்வெட்டுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2019 டிசம்பரில் மசாஜ் கலைக்கும் தனியாக அதன் மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது. கல்லுக்கு ஒரு பட்டியல், கைக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தது சரியென்றே படுகிறது.

பாடம் போய்ச் சேர்ந்த இடங்களில் என்னை அதிகம் தொட்டது சியாங் மாய் பெண்கள் சிறை. விடுதலை நெருங்கும் பெண்களுக்கு அங்கே மசாஜ் கற்பித்து, சிறை நடத்தும் கூடத்தில் பயணிகளுக்குப் பிடித்துவிட வைக்கிறார்கள். வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர்கிறது. ஆனால் வெளியே வந்த பின் அவர்களை வேலைக்கு எடுக்கப் பலர் தயங்கினார்கள். அந்தச் சிறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அதிகாரி ஓய்வு பெற்றபின் லீலா என்ற பெயரில் நிலையம் தொடங்கி, விடுதலையான பெண்களையே பணியில் அமர்த்தினார். இப்போது அதற்கு நகரத்தில் பல கிளைகள் உள்ளன.