பிரசங்கச் சொல்மேகம்

ஒரு பிரசங்கத்தில் பயிலும் சொற்களை எண்ணி, அடிக்கடி வருவனவற்றைப் பெரிய எழுத்திலும் அருகி வருவனவற்றைச் சிறிய எழுத்திலும் ஒரே பரப்பில் நெருக்கி அமைக்கும் சித்திரமே சொல்மேகம். பாரிஸ் நகரவாசிகளின் மனத்தில் பதிந்த இடங்களை ஆராய்ந்த ஸ்டான்லி மில்கிராம் 1976இல் இம்முறையைக் கையாண்டார். 2008இல் ஜொனாதன் ஃபைன்பெர்க் வெளியிட்ட 'வேர்டில்' என்னும் கணினிக் கருவி அதனை எங்கும் பரப்பிற்று.

இதன் குணமும் குறையும் விளங்க, ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19இல் கெட்டிஸ்பர்க் மயானத்தில் நிகழ்த்திய, ஏறத்தாழ 270 சொற்களே கொண்ட பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஐந்து முறை வரும் 'தேசம்' மேகத்தில் ஓங்கி நிற்கும். ஆறு முறை வரும் 'அர்ப்பணித்தல்' என்னும் வினையோ, ஆங்கிலத்தில் இரு வடிவங்களாகப் பிரிந்திருப்பதால், கருவி அவற்றை ஒன்றுசேர்க்காவிடில் தன் உரிய அளவை இழக்கும். வேற்றுமை உருபுகள் மிக்க தமிழில் இவ்விடர் இன்னும் பெரிது. மேலும், சாதாரணச் சொற்களென ஒதுக்கப்படும் பட்டியலில் சேர்ந்து, எட்டு முறை ஒலிக்கும் 'இங்கே' என்பதும், மக்களுக்கும் அரசுக்கும் உள்ள சம்பந்தத்தையே தாங்கி நிற்கும் முன்னிடைச் சொற்களும் மறைந்தொழிகின்றன. அப்பிரசங்கத்தின் ஜீவன் அவற்றிலேதான் இருக்கிறது என்பது கேட்டவர் எவர்க்கும் புலனாகும். அடிமைமுறை என்ற சொல்லை லிங்கன் அன்று உச்சரிக்கவேயில்லை. சொல்லாமல் விட்டதைக் காட்டும் சக்தி எந்த மேகத்துக்கும் இல்லை.

ஒரே தலைவரின் பல பிரசங்கங்களை ஒப்பிடத் தொடங்குவோர்க்கு இது நல்ல உபகரணம். பிரசங்கத்தை முழுமையாகப் படிப்பதற்கு ஈடாகாது.