வண்டலூரில் பிறந்த கார்: ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கதை

தாம்பரத்தில் இருந்து ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் பக்கம் போனால், பெருங்களத்தூரில் பெரிய ஐடி வளாகம் ஒன்று வரும். கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கிட்டு தினமும் உள்ளே போற பலருக்கு, அந்த இடத்தில் ஒரு காலத்தில் கார் கம்பெனி இருந்ததே தெரியாது. இன்னைக்கு எபிசோடு அந்தக் கம்பெனியைப் பற்றித்தான்: ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

நான் இந்தக் கதையை எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. நல்ல டிசைன் கிடைச்சாச்சு, மாதிரி வண்டி ஓடிடுச்சு, அப்புறம் என்ன, தயாரிக்க வேண்டியதுதானேன்னு நினைப்போம். அந்த 'தானே'வுக்குள்ள என்னவெல்லாம் இருக்குன்னு வண்டலூர் நல்லாவே காட்டுது.

போல்ட் போட்டு மாட்டின கார்

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் 1940-களின் கடைசியில் கூட்டு சேர்ந்தாங்க. வேன்கார்டு காரில் இருந்து வேலை ஆரம்பிச்சது. அப்போ அது பெரும்பாலும் அசெம்ப்ளி வேலை. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவாங்க.

1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்ததும் விதி மாறியது. இந்தியாவில் பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இருந்தால்தான் இங்கே கார் தொழில் பண்ணலாம். வெறும் அசெம்ப்ளி செஞ்ச ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. கார் தயாரிப்பில் முக்கியமா நின்னவங்க மூணு பேர்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு.

1961-ல் ஸ்டாண்டர்டு கொண்டு வந்த கார்தான் ஹெரால்டு. அது பிறந்த கதையே சுவாரசியம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த கம்பெனியை, போட்டியாளரான பிஎம்சி வாங்கிடுச்சு. புதுக் காருக்கு முழு பாடியை ஒரே இடத்தில் செஞ்சு தர ஆள் இல்லை. அதனால தனி சேஸி, அதுமேல துண்டு துண்டா வேற வேற இடத்தில் செஞ்ச பாகங்களை போல்ட் போட்டு மாட்டுறதுன்னு முடிவு பண்ணாங்க. இத்தாலிய டிசைனர் ஜொவான்னி மிக்கெலோட்டி அதுக்கு வடிவம் கொடுத்தார். 1959-ல் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் அங்கே விற்பனைக்கு வந்தது.

வேற வழியில்லாம எடுத்த அந்த முடிவு வண்டலூருக்கு வரமா அமைஞ்சது. முழு பாடியை ஒரே கூடா அழுத்தி எடுக்கணும்னா ராட்சத பிரஸ் மெஷின்கள் வேணும். துண்டு துண்டா செஞ்சு மாட்டுறதுன்னா, சின்ன தொழிற்சாலைகூட ஒவ்வொரு பாகமா உள்ளூருக்குக் கொண்டு வரலாம். 1960-களின் நடுவுக்குள்ள ஹெரால்டு கிட்டத்தட்ட முழுசா உள்ளூர் பாகங்களால் ஆன கார் ஆயிடுச்சு.

நம்ம ரோடும் நம்ம மெக்கானிக்கும்

ஆனால் இங்கிலாந்துக்கு யோசிச்ச டிசைன், நம்ம வாழ்க்கைக்கு அப்படியே பொருந்தலை. அங்கே வித்த ஹெரால்டுக்கு ரெண்டே கதவு. இங்கே குடும்பமே ஏறணும், பாட்டி பின் சீட்டுல உட்காரணும். 1960-களின் கடைசியில் வந்த மார்க் 3-ல் நாலு கதவு வந்தது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் இருந்தது.

அடுத்தது பின்பக்க ஆக்ஸில். ஹெரால்டில் இருந்தது 'ஸ்விங் ஆக்ஸில்'. ரெண்டு பின் சக்கரமும் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியலில் இருந்து தனித்தனியா, கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும் ஆடும். பாரம் ஏத்தினா சக்கரங்கள் கீழே அகண்டு, காலை விரிச்சு நிற்கிற மாதிரி நிற்கும். டயர் ஒரு பக்கமா தேயும். கார் வாங்கினவங்களுக்கும் பிடிக்கலை, பட்டறை மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கலை.

1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் இதை மாத்தினாங்க. ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே திடமான ஆக்ஸில், லாரியில் இருக்கிற மாதிரி. தொழில்நுட்பமா பார்த்தா இது ஒரு படி பின்னாடி போறதுதான். ஆனால் எந்த ஊர் பட்டறையிலயும் சரி பண்ணலாம். என்னைக் கேட்டா, ஸ்டாண்டர்டின் மிகச் சிறந்த இன்ஜினீயரிங் முடிவு இதுதான்.

மாறாத இன்ஜின்

சிக்கல் வேற இடத்தில் இருந்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இன்ஜின் ரெண்டு தடவை பெருசாச்சு: 948 சிசியில் இருந்து 1147, அப்புறம் 1296. இங்கே கேஸல் நின்னுபோன 1977 வரைக்கும் அதே 948 சிசிதான்.

கதவை மாத்துறதுக்கு ஷீட் மெட்டல் போதும். இன்ஜினை மாத்தணும்னா புது வார்ப்பு, புது மெஷின் டூல்ஸ், அதுக்கு அந்நியச் செலாவணி, அதுக்கு டெல்லியில் அனுமதி. லைசென்ஸ் ராஜ்யத்தில் ஒரு சின்ன கம்பெனிக்கு அது பெரிய மலை.

அந்த மலையைத் தாண்டாமலே 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. பாடி, ரோவர் எஸ்டி1. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் விருது வாங்கின வண்டி. அங்கே அதன் உச்ச மாடலில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின். இங்கே உள்ளே வெச்சது 1991 சிசி இன்ஜின், பழைய வேன்கார்டு குடும்பம். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடின இன்ஜினுக்கு உறவுக்காரன்னு சொல்லலாம். ஏன் அதை வெச்சாங்க? செய்யத் தெரிஞ்ச, செய்ய முடிஞ்ச இன்ஜின் அதுதான்.

காரோட விலையோ அதிகம். 1983-லேயே சுசூகி தொழில்நுட்பத்தோட மாருதி 800 வந்துடுச்சு. கார்னா இப்படித்தான் ஸ்டார்ட் ஆகணும், இவ்வளவு பெட்ரோல்தான் குடிக்கணும்னு மக்களுக்கு ஒரு கணக்கு வந்தாச்சு. 1988-ல் ஸ்டாண்டர்டு உற்பத்தி நின்னது. கார் தோத்ததுக்கு விலை கொடுத்தது அங்கே வேலை பார்த்த குடும்பங்கள்.

2006-ல் மிச்சம் மீதி எல்லாம் ஏலத்துக்குப் போச்சு. விற்காமல் கிடந்த எஸ்டி1 உதிரி பாகங்களை வாங்கினது ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. நம்ம ஜிஎஸ்டி ரோட்டுல ஓட வேண்டிய பாகங்கள், அங்கே பழைய ரோவர்களைப் பராமரிக்கிறவங்க கைக்குப் போச்சு.

இன்னைக்கு நமக்கு என்ன?

அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் தெற்கே மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. 1999-ல் ஐகான் காரை இந்தியாவுக்குன்னே கொண்டு வந்தது. 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்தப்போறதா அறிவிச்சது. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் 2012-ல் திறந்தது. இப்போ புது வண்டிகளின் முன்மாதிரிகள் அங்கே உருவாகுது.

ஸ்டார்ட்-அப் பண்ற நண்பர்கள் யாராவது கேட்டுட்டிருந்தா, ஒரு கேள்வி. உங்க டெமோ ஓடுது, சந்தோஷம். அதில் எந்தப் பாகத்தை நீங்களே மாத்த முடியும், எதை மாத்தவே முடியாது? ஸ்டாண்டர்டால கதவை மாத்த முடிஞ்சது, ஆக்ஸிலை மாத்த முடிஞ்சது. இன்ஜின்கிட்ட போய் நின்னுட்டாங்க.

உங்க வீட்டுல யாராவது ஹெரால்டு ஓட்டியிருந்தா, இல்ல வண்டலூர்ல வேலை பார்த்திருந்தா, அந்தக் கதையை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.