நாயின் பல்லும் மனிதனின் கையும்

நுவரெலியாவின் வரலாற்றைக் கூறப் புகுவோர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரை விடுத்துக் கூறுதல் அரிது. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அக்குளிர்நிலத்தில் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை அமைக்கும் எண்ணத்துடன் 1848ஆம் ஆண்டில் அவர் அங்கு குடியேறினார். அக்குடியேற்றத்துக்காகக் கப்பலில் வந்தவற்றுள் ஒரு வேட்டைநாய்க் கூட்டமும் இருந்தது.

தேயிலை அக்காலத்தில் மலைநாட்டின் பயிராகவில்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் அதனைத் தோட்டப் பயிராக நட்டது 1867ஆம் ஆண்டிலேயே. பேக்கரின் நாட்களில் காடடர்ந்த சரிவுகளில் மரைகள் திரிந்தன. நாய்கள் மரையைத் துரத்திச் சென்று ஓடையிலே மறிக்கும். பேக்கர் கத்தியுடன் இறங்கி அதனைக் கொல்வார். ஸ்மட், கில்பக் முதலிய தம் நாய்களின் தீரத்தை அவர் நூலிலும் எழுதி வைத்தார். பற்றியதை விடாத பல்லே அந்நாய்களின் பெருமையாயிருந்தது.

அதே நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து மலைகளில் வேறொரு பெருமை தேடப்பட்டது. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு எனப்பட்ட டட்லி மார்ஜரிபாங்ஸ் 1868ஆம் ஆண்டில் தோற்றுவித்த கோல்டன் ரெட்ரீவர் இனத்தின் கடமை, சுட்டு வீழ்த்திய பறவையைப் பற்குறி படாமல் கௌவிக் கொணர்வதாகும். ஆகவே, நாயின் வாய் இயல்பிலே கொடியதன்று. இனமும் பழக்கமும் அதனை வன்மையாக்கவும் வல்லன, மென்மையாக்கவும் வல்லன.

மலைநாட்டில் தோட்டங்கள் பெருகின, லயன்கள் எழுந்தன. லயன் வாசலிலே குழந்தையும் நாய்க்குட்டியும் ஒருங்கே வளர்ந்தன. அங்கே கடி என்பது வேட்டைப் பெருமையன்று. உயிரைக் கொள்ளும் அச்சம். விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது மிக மிக அரிது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி ஏற்றிய பின்னரே உலகுக்கு நம்பிக்கை பிறந்தது. இலங்கையில் 1893ஆம் ஆண்டில் இந்நோய்க்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலை மலையாகிய நீலகிரியிலும், குன்னூரில், 1907ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் 1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்கும் கடியுண்டோருக்கும் ஊசி பரவலாகக் கிடைத்த பின்னரே அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியது.

ஊசி நோயைத் தடுக்கும், கடியைத் தடுக்காது. கடியைத் தடுக்க மனிதர் நெடுங்காலம் கோலையே நம்பினர். “அடியாத மாடு படியாது” என்னும் பழமொழி நாய்க்கும் பொருந்தும் என எண்ணினர். ஜெர்மனியில் 1910ஆம் ஆண்டில் கொன்ராட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூலும் வற்புறுத்தலுக்குப் பேரிடம் தந்தது. ஆனால், நற்பயன் தரும் செயலையே விலங்கு திரும்பச் செய்யும் என்பதை எட்வர்ட் தோர்ண்டைக் 1898ஆம் ஆண்டிலேயே சோதனையாற் காட்டியிருந்தார். 1951ஆம் ஆண்டில் ஸ்கின்னர், ஒரு சிறு ஒலியும் ஒரு துண்டு உணவும் கொண்டு நாயைப் பழக்கலாம் என விளக்கி எழுதினார். 1980களில் கலிபோர்னியாவில் இயன் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர் குட்டிகளுக்கென்றே வகுப்பு நடத்தி, கடியின் வன்மையை அடக்கக் கற்பித்தலே முதற்பாடம் என்றார்.

அப்பாடத்தின் முதல் ஆசான் உடன்பிறந்த குட்டியே. விளையாட்டில் ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீரிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்தது தோழமையை இழந்து தன் பல்லின் அளவை அறியும். இதனாலேயே, குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. வீட்டுக்கு வந்தபின் அவ்வழியையே மனிதரும் பின்பற்றலாம். குட்டி கையைக் கடித்தால் கையை உதறாமல் அசைவற்றிருந்து, விளையாட்டை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சற்றுப் பொறுத்து, கடிப்பதற்கென ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். அது மெல்ல நக்கும்போதும் அமைதியாயிருக்கும்போதும் ஒரு துண்டு உணவும் இன்சொல்லும் தரவேண்டும். பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து முடியும் ஆறேழு மாதங்கள் வரை இப்பொறுமை வேண்டும். தந்தை தடுப்பதை மகன் விளையாட்டாய்த் தூண்டுவானாயின், குட்டி எதனைக் கற்கும்?

மூக்கில் அடியுண்ட குட்டி கடிப்பது தவறென்று அறிவதில்லை. கை அருகே வருவது ஆபத்தென்றே அறிகிறது. அவ்வச்சம் வளர்ந்த நாயின் பல்லில் ஒருநாள் வெளிப்படும். அன்று காயமுறுவது பெரும்பாலும் குழந்தை, கொல்லப்படுவது நாய்.

மென்மையாய்ப் பழகிய நாய்க்கும் ஊசி வேண்டும். குழந்தை அதனுடன் விளையாடுகையில் பெரியவர் கண் வேண்டும். கடி நேர்ந்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பேக்கர் 1855ஆம் ஆண்டில் இலங்கையை விட்டகன்றார். ஹோட்டன் சமவெளியில் அவர் பெயர் தாங்கிய அருவி இன்றும் வீழ்கின்றது. அவருடைய நாய்கள் மரையின் குருதியிற் பெயர் பெற்றன. அதே மலையில், லயன் வாசலில் உறங்கும் குழந்தையின் விரலை மெல்லக் கௌவி விட்டுவிடும் குட்டிக்கு வரலாற்றில் இடமில்லை. ஆயினும், அவ்வீட்டார் அச்சமின்றி உறங்குவது அதனாலேயே.