பெருங்குடல் புற்றுநோய் முன்சோதனையின் வரலாறு

பெருங்குடல் புற்றுநோய் முன்சோதனை என்பது, அறிகுறி எதுவும் தோன்றாதவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் உள்ள புற்றுநோயையோ அதற்கு முந்தைய வளர்ச்சிகளையோ தேடிக் கண்டறியும் முறையாகும்.

மறைந்திருக்கும் இரத்தம்

குடலில் வளரும் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியக்கூடும். குவாயாகம் என்னும் மரத்தின் பிசின் இரத்தத்துடன் வினைபுரிந்து நீலநிறமாகும் என்பதை 1864-இல் டச்சு மருத்துவர் வான் டீன் பயன்படுத்தினார். 1901-இல் பெர்லின் மருத்துவர் இஸ்மார் போவாஸ், மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்துக்கும் செரிமானப் பாதைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். 1967-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநில மருத்துவர் டேவிட் கிரீகர், இப்பிசின் ஊட்டிய தாள் அட்டைகளை அறிகுறியற்றவர்களிடம் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார். மாதிரியை வீட்டிலேயே எடுத்து அனுப்ப இவ்வட்டை வழிசெய்தது.

பாலிப்புகள்

லண்டன் புனித மாற்கு மருத்துவமனையின் நோயியல் அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ், மலக்குடல் புற்றுநோயை அது பரவிய அளவைக் கொண்டு 1932-இல் மூன்று நிலைகளாக வகுத்தார். தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்களே நெடுநாள் வாழ்ந்தனர். அதே மருத்துவமனையின் பேசில் மார்சன், 'அடினோமா' வகைப் பாலிப்புகளிலிருந்தே பெரும்பாலான புற்றுகள் தோன்றுகின்றன என்பதை 1970-களில் வலியுறுத்தினார். எல்லாப் பாலிப்புகளும் புற்றாவதில்லை. ஆவதற்கும் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் ஆகியோர் வயிற்றைத் திறக்காமல், கொலனோஸ்கோப் வழியாகவே கம்பிச் சுருக்கால் பாலிப்பை அகற்றினர். நோயைக் கண்டறிவதோடு தடுக்கவும் இதனால் வழி பிறந்தது.

உயிர் காக்கிறதா?

முன்கூட்டியே கண்டறிந்தாலே ஆயுள் கூடிவிடும் என்று கூறிவிட முடியாது. ஒருவர் 65 வயதில் இறக்கிறார் என்க. நோய் 62-இல் தெரியவந்தால் அவர் 3 ஆண்டுகள் வாழ்ந்ததாகக் கணக்காகும். 58-இல் தெரியவந்தால் 7 ஆண்டுகள். ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. எண்ணத் தொடங்கிய இடமே மாறியது. ஆகவே இரு பிரிவினரின் இறப்பு வீதத்தையே ஒப்பிட வேண்டும்.

மின்னசோட்டாவில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 46,551 பேரிடம் நடந்த ஆய்வு இதைச் செய்தது. 1993-இல் வெளியான முடிவின்படி, 13 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர், ஆண்டுதோறும் மலச்சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் ஆயிரத்துக்கு 5.88, ஒப்பீட்டுப் பிரிவில் 8.83. அதாவது இறப்பு 33 விழுக்காடு குறைந்தது.

நாட்டுத் திட்டங்கள்

ஜப்பான் 1992-இலும் இங்கிலாந்து 2006-இலும் நாடளாவிய திட்டங்களைத் தொடங்கின. மனித இரத்தத்தை மட்டும் எதிர்ப்பொருளால் இனங்காணும் புதிய மலச்சோதனை இன்று பரவலாக உள்ளது. இதற்கு உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை.

எச்சோதனையும் மக்கள் செய்துகொண்டால்தான் பயன் தரும். போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கொலனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரே வந்தனர். அழைக்கப்பட்ட பிரிவு முழுவதையும் கணக்கிட்டபோது, 10 ஆண்டுகளில் நோய் 18 விழுக்காடே குறைந்திருந்தது. மலம் குறித்துப் பேசவும் கூச்சப்படும் இயல்பு வருகையைக் குறைக்கும் காரணங்களுள் ஒன்றாகும்.

புகையிலை, மது, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைத் தவிர்ப்பதும் உடலுழைப்பும் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். மலத்தில் இரத்தம் காண்போர் அதை மூலம் என்று தாமே முடிவுசெய்து காத்திருக்கலாகாது. அவர்களுக்கு உரியது முன்சோதனை அன்று. உடனடி மருத்துவப் பரிசோதனையே.