ஒழுங்கையும் உதைபந்தும்: கொழும்பு வீதியாட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் உதைபந்தாட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் கழகங்களையும் கிண்ணங்களையுமே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். பிரித்தானியப் படையினர் இவ்வாட்டத்தைக் கொழும்புக்குக் கொணர்ந்தமை, 1939இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியமை, 1952இல் அது உலகச் சம்மேளனத்தில் இணைந்தமை என அவ்வரலாறு நகரும். இவை பதிவேடுகளிற் கிடைப்பன. ஆதலின் எழுதுதற்கு எளியன. ஆனால் ஆட்டக்காரனின் கால் எங்கே பழகியது என்னும் வினாவுக்குப் பதிவேடுகளில் விடையில்லை. அவ்விடையை ஒழுங்கைகளிலேயே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

ஒரு சான்று பெயரிலேயே இருக்கின்றது. கொம்பனித்தெருவிலுள்ள ஜாவா லேன், ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொணரப்பட்ட மலாயரின் நினைவைத் தாங்கிய ஒழுங்கை. அதன் பெயரையே சூடிய ஜாவா லேன் விளையாட்டுக் கழகம் நாட்டின் பெயர்பெற்ற கழகங்களுள் ஒன்றாயிற்று. ஓர் ஒழுங்கை தன் பெயரைத் தேசிய அரங்குக்கு அனுப்பிவைத்தது சிறிய செய்தியன்று.

கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளை நோக்குவோம். இருபுறமும் மதில், மதிலோரமாகக் கான், பக்கத்துக்கு மூவர் அல்லது நால்வர். இரண்டு செங்கற்களோ ஒரு சோடிச் செருப்போ கோல் கம்பமாகும். காவலன் இல்லை, முழங்காலுக்கு மேலெழுந்த பந்து கோலாகாது. மதிலுக்கு அப்பால் அடித்தவனே போய், வீட்டுக்காரரின் ஏச்சையும் கேட்டுப் பந்தை எடுத்துவர வேண்டும். இவ்விதிகளை எவரும் எழுதிவைக்கவில்லை. எனினும் இவையே ஆட்டத்தின் இயல்பைத் தீர்மானித்தன. நீண்ட உதைக்கு இங்கு வேலையில்லை. ஓடிக் கடக்க இடமுமில்லை. எதிராளி ஒரு முழத்தில் நிற்கையில் பந்தை உள்ளங்காலால் இழுத்து, உடலை ஒருபுறம் சாய்த்து ஏமாற்றி, மறுபுறம் திருப்பவேண்டும். மதிலும் ஓர் ஆட்டக்காரனே: அதில் தட்டிவிட்ட பந்தை எதிராளியின் முதுகுக்குப் பின்னே சென்று பெறுவது ஒழுங்கைப் பையன்களின் கைவந்த, அன்று, கால்வந்த கலை.

1930இல் மொண்டிவிடியோ நகரிலே ஜுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர் ஐவர் ஆட்டத்துக்கு விதி வகுத்தார். அதற்கான முதலாவது உலகச் சம்மேளனக் கிண்ணப் போட்டி 1989இல் ஒல்லாந்தில் நடைபெற்றது. இடநெருக்கடியே நுட்பத்தை வளர்க்கும் என்ற உண்மை அங்கு நூலாயிற்று. இங்கு வழக்கமாகவே நின்றுவிட்டது.

வெள்ளவத்தையின் நிலை சற்று வேறு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் அதன் ஒழுங்கைகளின் அந்தத்தில் புகையிரதப் பாதை குறுக்கிடும். பந்து தண்டவாளத்தைத் தாண்டினால் ஆட்டம் நின்றது என்க. கிரிக்கெட் மோகமும் அங்கே கூடுதல். இதனைக் கொட்டாஞ்சேனை நண்பர்கள் இன்றும் எள்ளி நகைப்பர்.

இரு பகுதிகளுக்கும் பொதுவானதொரு முறிவு உண்டு. 1983 ஆடிக் கலவரத்திற் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன் பின்னரான போர்க்காலத்திலே சுற்றிவளைப்பும் அடையாள அட்டைச் சோதனையும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. ஆறு இளைஞர் கூடினால்தான் ஆட்டம். அக்காலத்திலோ ஆறு தமிழ் இளைஞர் ஒழுங்கை முகப்பிற் கூடுவதே ஐயத்துக்குரியதாயிற்று. 2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 300இற்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எத்தனை மாலைகள் ஆட்டமின்றிக் கழிந்தன என்பதை எந்தக் கழகத்தின் ஆண்டறிக்கையும் கூறாது. இதே காலப்பகுதியில், 1995இல், சுகததாச விளையாட்டரங்கில் இலங்கை அணி இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரம் அது. அடுத்த ஆண்டு கிரிக்கெட் உலகக் கிண்ணம் வரவே, நாடு அந்த வெற்றியை விரைவில் மறந்தது.

போர் முடிந்தபின் ஒழுங்கைகளிற் சோதனைச் சாவடிகள் குறைந்தன. மோட்டார் வண்டிகளும் அடுக்குமாடிகளும் பெருகின. இன்று செயற்கைப் புல் விரித்த ஐவர் ஆட்டக் களங்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அங்கே சுற்றிவரக் கம்பி வலை. முழங்கால் விதியுமில்லை, ஏசுவதற்கு வீட்டுக்காரருமில்லர். வாடகையைப் பங்கிட்டுக் கொடுக்க இயலாதவன் வலைக்கு வெளியே நின்று பார்க்கின்றான்.