வெளிற்றலும் காலமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பருத்தித் துணிகளைச் சுற்றாடலுக்கு ஊறின்றிப் பதப்படுத்தும் முறைகள் இன்று பெரிதும் விதந்துரைக்கப்படுகின்றன. குளோரீனின் இடத்தை ஐதரசன் பேரொட்சைட்டும் நொதியங்களும் பெற்று வருகின்றன. இதனை 'இயற்கைக்குத் திரும்புதல்' என வருணிப்பாரும் உளர். அவ்வியற்கை எத்தகையது என்பதை, வெளிற்றல் தொழிலின் வரலாற்றைக் கொண்டு நாம் ஈண்டு நோக்குவோம்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவில் துணி வெளிற்றுவதற்குச் சாம்பற்காரம், புளித்த மோர், புல்வெளி, சூரியஒளி ஆகியனவே பயன்பட்டன. காரநீரில் அவித்தல், புல்மீது விரித்தல், மோரில் ஊறவைத்தல் ஆகிய செயல்கள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன. லினன் துணிக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களும், பருத்திக்கு அதனிற் குறைந்த காலமும் தேவைப்பட்டன. இம்முறையில் நச்சுக்கழிவு குறைவு என்பது மெய்யே. ஆயின், அப்புல்வெளிகளிலிருந்து துணி திருடுவது பிரித்தானியாவில் 1811 வரை மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. மாதக்கணக்கில் அங்கு முடங்கிக் கிடந்தது மூலதனம் என்பதை இச்சட்டம் உணர்த்துகின்றது.

நூற்பாலைகள் பெருகியபோது இம்முடக்கம் பொறுக்கவொண்ணாததாயிற்று. 1746இல் ஜோன் றோபக் ஈய அறைமுறையாற் சல்பூரிக்கமிலத்தை மலிவாக்கினார். 1756இல் பிரான்சிஸ் ஹோம் மோருக்குப் பதிலாக ஐதான சல்பூரிக்கமிலத்தைப் பரிந்துரைத்தார். 1785இல் பேர்த்தொலே குளோரீனின் வெளிற்றும் ஆற்றலை எடுத்துக்காட்டினார். 1799இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ள்ஸ் தெனன்ற் வெளிற்றுந் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதங்கள் நாட்களாகக் குறுகின. 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில், உற்பத்திக் காலம் செயற்கையாகக் குறுக்கப்படுவதற்கு மார்க்ஸ் காட்டும் உதாரணங்களுள் ஒன்று, புல்வெளி வெளிற்றலின் இடத்தை இரசாயன வெளிற்றல் பெற்றமையாகும்.

மிச்சப்பட்ட காலத்தின் விலையைச் செலுத்தியோர் யாவர்? வெளிற்றற் சாலைகளின் வெப்பமிகு அறைகளில் உழைத்த பெண்களுக்கும் சிறுவர்க்கும் 1860 வரை தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்புக் கிட்டவில்லை. லெப்பிளாங் முறையிற் சோடா செய்த ஆலைகளின் ஐதரசன் குளோரைட்டு வாயு அயற்பயிர்களைக் கருக்கியது. நிலவுடைமையாளர் முறையிட்டனர், 1863ஆம் ஆண்டின் காரச் சட்டம் அவ்வாயுவில் 95 சதவீதத்தை ஒடுக்குமாறு பணித்தது. அவ்வாறு பெற்ற அமிலம் வெளிற்றுந் தூளுக்கான குளோரீனாக மாறி இலாபமும் ஈட்டியது. ஆயினும், ஆலையினுள்ளே அவ்வாயுக்களைச் சுவாசித்த தொழிலாளரைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. சுற்றாடல் என்பது ஆலை மதிலுக்கு வெளியே தொடங்குவதாகவே கொள்ளப்பட்டது.

இக்கோடு இன்றும் அழியவில்லை. நொய்யலாற்றின் மாசு தொடர்பாக விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, வெளிற்றற் சாலைகளை மூடுமாறு ஆணையிட்டது. விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. ஆனால் ஆலைகள் மூடப்பட்டபோது கூலியிழந்தோர், மாசினால் இலாபம் பெற்றிராத தொழிலாளரே.

ஐதரசன் பேரொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிவது வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரு பொருளின் இரசாயனப் பண்பு மட்டும் ஒரு தொழிலைத் தூய்மையாக்கிவிடாது. ஆற்றையும் வயலையும் போலவே தொழிலாளியின் நுரையீரலும் வேலைநேரமும் கூலியும் சுற்றாடற் கணக்கிற் சேரவேண்டும். அதுவரை, துணியின் வெண்மை எவருடைய செலவிற் பெறப்பட்டது என்ற வினாவை நாம் எழுப்பிக்கொண்டேயிருத்தல் வேண்டும்.